றபானும் ஆர்கனும்

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டதும் கிழக்கிலங்கையின் கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் கொடி ஏறும். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் 12 நாள்கள் நடக்கும் அந்த விழா, கந்தூரிச் சோற்றோடு நிறைவுறும். முன்பு அந்த இரவுகளில் மௌலூதும் பக்கீர் பாவாக்களின் றிபாயி ராத்தீபும் கேட்க ஊரே கரையில் கூடியது. இன்றும் கொடி ஏறுகிறது. ஆனால் தௌஹீத் பிரசாரம் பரவிய பின், ஊரின் ஒரு பகுதியினர் அதை மார்க்கத்தில் இல்லாதது என்று விலகி நிற்கின்றனர்.

பாவாவின் கையில் இருந்தது றபான் என்னும் தோற்பறை ஒன்றே. அதற்கும் மார்க்கமே காரணம். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் தோற்பறையை அனுமதித்தார்கள். நரம்புக் கருவிகளையும் குழலையும் பெரும்பாலும் விலக்கினார்கள். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, பாட்டுக் கேட்பதன் ஒழுங்குகளுக்கென்றே தம் இஹ்யா நூலில் ஒரு பகுதியை ஒதுக்கினார். சுருதி கூட்டக் கருவி இல்லாததால் குரலே அனைத்தையும் சுமந்தது. இறைநாமம் ஓதும் திக்ர் மெதுவாகத் தொடங்கும். அது இறுக இறுக அடியும் இறுகும். தடை விட்டுவைத்த சிறிய இடத்தில் ஒரு கலை முழுதாக வளர்ந்தது.

கத்தோலிக்க ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. திரெந்துப் பொதுச்சங்கத்துக்குப் பின், 1600இல் வெளிவந்த ஆயர்களுக்கான சடங்கு நூல், ஆர்கன் எங்கே ஒலிக்கலாம், எங்கே ஓய வேண்டும் என்று வகுத்தது. பாடகர் ஒரு வரி பாட, அடுத்த வரியை ஆர்கன் வாசிக்கலாம். விசுவாசப் பிரமாணத்தில் மட்டும் அது குறுக்கிடலாகாது. தவக்காலத்தில் பெரும்பாலும் மௌனம். 1608 முதல் ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த பிரெஸ்கோபால்டி, 1635இல் அச்சிட்ட 'ஃபியோரி மூசிகாலி'யில் இந்த இடைவெளிகளுக்கென்றே எழுதினார். பூசையில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. ஆகவே குரு அதை உயர்த்தும் வேளைக்கான இசை மிக மெதுவாக, உரசும் சுரங்களை நெடுநேரம் தாங்கி நகர்கிறது. 1903இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் பாடலுக்கே முதலிடம் என்று ஆணையிட்டார். வரிக்கு வரி மாறி ஒலித்த அந்த வழக்கமும் மறைந்தது. இன்று அந்த இசை பெரும்பாலும் கச்சேரி மண்டபங்களில் கேட்கிறது.

கல்முனைக்குடிக் கரையில் மாற்றம் கொள்கையால் மட்டும் வரவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரக் குடியிருப்புகளைக் கலைத்தது. கடலோரத்தில் மீண்டும் கட்டுவதற்கு முதலில் விதித்த 200 மீற்றர் தடை பலரை ஊருக்குள் தள்ளியது. நோன்பு காலத்தில் றபான் தட்டிப் பாடி ஸஹருக்கு எழுப்பிய பாவாவின் வேலையை இன்று கைபேசியும் பள்ளி ஒலிபெருக்கியும் செய்கின்றன.

இந்த மாற்றத்தில் பெற்றதும் பெரிது. அன்று பொருள் அறியாமல் ஓதியவர்கள் பலர். இன்று ஆணும் பெண்ணும் தஜ்வீதோடு ஓதுகிறார்கள், தமிழில் குர்ஆனின் பொருள் படிக்கிறார்கள். அந்தக் குரல்களின் தெளிவு அன்று பலருக்கு வாய்க்காதது.

ஆனால் பிரெஸ்கோபால்டியின் சுரங்கள் அச்சில் இருந்தன. விதி மாறியபோதும் அவை பிழைத்தன. பாவாக்களின் முனாஜாத்துச் சொற்கள் சில அச்சேறின. அடியும் இராகமும் கலீபாவிடமிருந்து முரீதுக்குக் கைமாறியே வந்தன. மார்க்கத் தர்க்கம் எப்படி முடிந்தாலும் சரி, அந்த முதியவர்கள் இருக்கும்போதே அவற்றை ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.