விழுப்புரம் வரை இரண்டே பாதை

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊர் போக நினைக்கும் தென்மாவட்டத்துக்காரர்கள், 60 நாள் முன்னதாகவே காலை 8 மணிக்கு முன்பதிவுக்குக் காத்திருக்கிறார்கள். பாண்டியன், நெல்லை, முத்துநகர் ரயில்கள் எல்லாம் சற்று நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடுகின்றன. 'இன்னொரு ரயில் விடுங்கள்' என்ற குரல் உடனே எழுகிறது. நியாயமான கோரிக்கைதான்; ஆனால் ரயிலைவிட முதலில் கேட்க வேண்டியது தண்டவாளத்தை.

நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை 2024-இல் முடிந்துவிட்டதே, இனி என்ன தடை என்று கேட்கலாம். தெற்கே, மணியாச்சிக்கு அப்பால், எதிர்வண்டிக்காகக் கிராஸிங்கில் கிடந்த காலம் போனது உண்மை. நெருக்கடி இருப்பது வடக்கே. செங்கல்பட்டைத் தாண்டினால் விழுப்புரம் வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு இரண்டே பாதை. திருச்சி வழி மதுரை, நெல்லை செல்பவை, கடலூர் வழி மயிலாடுதுறை செல்பவை, புதுச்சேரி வண்டி, சரக்கு ரயில் அத்தனைக்கும் அதுதான் வழி. இரவு ரயிலில் ஏறுகிறவர் விடிந்ததும் ஊரில் இறங்க வேண்டும். அதனால் எல்லா வண்டிகளும் மாலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. திரும்பும்போதும் அதே கதை: காலையில் புறநகர் ரயில் கூட்டம் தொடங்கும் வேளையில்தான் அவை சென்னையை நெருங்குகின்றன. இடையில் வேகமான வண்டி ஒன்று வந்தால், மெதுவான வண்டி லூப் லைனில் ஒதுங்கி நிற்கிறது.

இருக்கிற ரயிலிலேயே பெட்டிகளைக் கூட்டலாம் என்பார்கள். 2023 செப்டம்பரில் 8 பெட்டிகளோடு தொடங்கிய நெல்லை வந்தே பாரத்தைப் பின்னர் நீட்டித்தார்கள். தேவை எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இரவு ரயில்களில் பல, நடைமேடை தாங்கும் நீளத்தை ஏற்கெனவே நெருங்கிவிட்டன. பகலில் போகட்டுமே என்பதும் தீர்வாகாது. உட்கார்ந்து போகும் ஏசி ரயிலின் கட்டணம் ஒருபுறம் இருக்கட்டும், தினக்கூலிக்காரருக்குப் பகல் பயணம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அவருக்கு வேண்டியது ஸ்லீப்பரும் முன்பதிவில்லாப் பெட்டியும்தான். விழாக்காலத்தில் ஆம்னி பஸ் என்ன கேட்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தீர்வு, செங்கல்பட்டு–விழுப்புரம் இடையே மூன்றாவது பாதைதான். அதற்குச் செலவும் நிலமும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். அது வரும் வரை, பெரும்பகுதி இன்னும் ஒற்றைப் பாதையாகவே உள்ள விழுப்புரம்–தஞ்சாவூர் தடத்தை இரட்டிப்பாக்கினாலும் பயன் பாதிதான். அந்த வண்டிகளும் சென்னை வர விழுப்புரத்துக்கு வடக்கே இதே பாதையில்தான் ஏறியாக வேண்டும். செங்கல்பட்டுக்குத் தெற்கே பாலாறு குறுக்கிடுகிறது. அங்கே கட்ட வேண்டிய கூடுதல் பாலத்திலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.