உங்களுக்குத் தெரியுமா? வாக்கைக் காப்பாற்ற இங்கிலீஷில் என்ன சொல்?

டொரொன்டோவின் பார்க்டேல் பகுதிக்குச் செல்லப் பெயர் ‘குட்டித் திபெத்’! அங்கே இங்கிலீஷ் படிக்க ஒரு திபெத்தியர், ஒரு தமிழர், ஒரு கொரியர் சேர்ந்து உட்கார்ந்தால் மூவருக்கும் ஒரே தலைவலி. மூவர் மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். இங்கிலீஷில் நடுவிலேயே வந்து நிற்கும்!

குடியேறியவர்களுக்குக் கனடா அரசு நடத்தும் மொழி வகுப்பின் பெயர் ‘லிங்க்’. 1992 முதல் நடக்கிறது. கட்டணம்? 0 டாலர்!

சரி, வாக்குக்கு வருவோம். இங்கிலீஷில் அதை ‘கீப்’ பண்ண வேண்டும். ஆடு வளர்க்கவும் கீப், டைரி எழுதவும் கீப், ரகசியம் காக்கவும் கீப். ஒரே சொல், எத்தனை வேலை!

நாம் வாக்கைக் காப்பாற்றுவோம். கொரியர்கள் ‘ஜிக்கிதா’ என்பார்கள். காவல் காப்பது என்று அர்த்தம். நாட்டுக்கும் அதே காவல், வாக்குக்கும் அதே காவல்!

அதனால் இங்கிலீஷ் பழகும் கொரியர், வாக்கை ‘ப்ரொடெக்ட்’ பண்ணிவிடுவார். சிரிக்காதீர்கள். தமிழை அப்படியே மாற்றினால் நாம் ‘சேவ்’ பண்ணிவிடுவோம்!

“இன்றைக்கு எனக்கொரு பிராமிஸ் இருக்கு” என்று கொரிய நண்பர் சொன்னால் பதறவேண்டாம். யாரையோ பார்க்கப் போகிறார், அவ்வளவுதான்! வாக்குக்கும் சந்திப்புக்கும் அவர் மொழியில் ஒரே சொல்: ‘யாக்சோக்’!

‘கீப்’புக்குப் பதில் ‘ஃபுல்ஃபில்’ என்றும் சொல்லலாம். ஆனால் அதில் ‘ஃப்’ 2 முறை! கொரிய மொழியில் அந்த ஒலியே கிடையாது. அசல் தமிழிலும் கிடையாது. காபி யாழ்ப்பாணத்தில் கோப்பி, சியோலில் கொப்பி!

‘ஆனர்’ பண்ணவும் செய்யலாம். எழுதும்போது முதலில் ‘ஹெச்’ நிற்கும், வாய் திறந்தால் காணாமல் போகும்! கனடாவில் அதற்கு 6 எழுத்து. எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோ போனால் 5!

வாக்கு மீறினால்? இங்கிலீஷில் பானைபோல உடையும். கொரிய மொழியிலும் உடையும். தமிழில் மட்டும் தவறும்!

கொரியக் குழந்தைகள் சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் செய்வார்கள். அதோடு விடமாட்டார்கள். கட்டைவிரலோடு கட்டைவிரலை அழுத்தி முத்திரையும் குத்துவார்கள்!

கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் புத்தகமே போட்டார். எப்போது? 1905-ல்! இரண்டும் உறவு என்பதை மொழியறிஞர்கள் ஏற்கவில்லை என்பது வேறு கதை!

கடைக்காரருக்கும் இங்கிலீஷில் ‘கீப்பர்’ பட்டம் உண்டு: ஷாப்கீப்பர்! 2011-ல் டொரொன்டோவில் மேடையேறிய ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ நாடகத்தின் நாயகர் ஒரு கொரிய ஷாப்கீப்பர். பிள்ளைகள் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? ‘அப்பா’! கொரிய மொழியிலும் அப்பா என்றால் அப்பாவேதான்!