இறைச்சிக் கோழிகளின் தோல் கிழிதலும் அதனைத் தடுக்கும் வழிகளும்

இறைச்சிக்காக வளர்க்கப்படும் கோழி ஐந்து அல்லது ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கிலோகிராம் நிறையை அடைகின்றது. அதனை இறகு களையும்போது தொடையிலோ முதுகிலோ தோல் கிழிந்துவிடுமாயின், முழுக்கோழியாக நல்ல விலைக்கு விற்றல் இயலாது. இட்ட தீனும் உழைப்பும் குறையாதிருக்க, விலை மட்டும் குறைந்துவிடுகின்றது. இவ்வாறு நட்டம் நேருமிடத்து இறகு களைபவர்மீது குற்றஞ் சாட்டுதல் வழக்கம். எனினும், எளிதிற் கிழியும் தோல் பல வேளைகளிற் கோழி உயிருடன் இருக்கும் காலத்திலேயே உண்டாகிவிடுகின்றது.

தோலின் உரம்

தோலுக்கு உரத்தைக் கொடுப்பது கொலாசன் எனப்படும் நார்ப்புரதமாகும். இந்நார்கள் போதிய அளவில் உண்டாகி, ஒன்றோடொன்று நன்கு பிணைந்திருப்பின், தோல் இழுவையைத் தாங்கும். நார்கள் குறைந்தோ, தோலின்கீழ்க் கொழுப்பு மிகுந்தோ இருப்பின், அது எளிதிற் கிழியும். ஒரே வயதினவாயினும் பேடுகளின் தோல் சேவல்களின் தோலிலும் நலிந்தது. வயது கூடக் கூடத் தோல் உரம்பெறும். விரைவில் வளரும் இனங்களோ, உடல் பருத்தும் தோல் முதிராத நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன.

தீன்

புரதம் குறைந்து மாப்பொருளும் கொழுப்பும் மிகுந்த தீன், தோலின்கீழ்க் கொழுப்பைச் சேர்க்கும். செலவைக் குறைக்கக் கருதி, நிறைதீனுடன் அரிசிக்குறுணலை மிகுதியாகக் கலப்பதால் இத்தீங்கு நேரும். கொலாசன் நார்கள் பிணைவதற்குச் செப்பும், தோல் வளர்வதற்கும் புண் ஆறுவதற்கும் நாகமும் சிறிதளவு தேவை. உயிர்ச்சத்து ‘சி’யைக் கோழி தன்னுடலிலேயே ஆக்கிக்கொள்ளும், கடும் வெப்பத்தில் அது போதாமற் போகலாம். இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீனிற் சேர்க்கப்பட்ட அலோபியூசினோன் என்னும் மருந்து, கொலாசன் உண்டாவதைத் தடுத்துத் தோலை நலிவுறச் செய்தமையும் அறியப்பட்டுள்ளது. ஆதலின், மருந்துகளைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனையின்றிச் சேர்த்தலாகாது.

கொட்டிலின் நிலை

வெப்பம் மிகுந்த காலத்தில் வளரும் கோழிகளின் தோல் உரங் குறைந்தது. எனவே, கொட்டில் காற்றோட்டமுள்ளதாக இருத்தல் வேண்டும். நெருக்கமாக வளர்க்கப்படும் கோழிகள் ஒன்றன்மேலொன்று ஏறி நகங்களாற் கீறிக்கொள்ளும். இறகு நன்கு முளைக்காத குஞ்சுகளில் இக்கீறல்கள் ஆழமாகும். கூளம் ஈரலிப்பாயின் அவை புண்ணாகி, இறகு களையும்போது அவ்விடத்திலேயே தோல் கிழியும். தீன் தொட்டிகளும் நீர்த் தொட்டிகளும் போதியனவாயின் நெருக்குதல் குறையும். விற்பனைக்குப் பிடிக்கும்போது, மங்கலான ஒளியில், துரத்தாமல், இரு கால்களையும் சேர்த்துப் பிடித்தல் நன்று.

இறகு களைதல்

கொதிநீரில் அமிழ்த்தினால் கொலாசன் இளகித் தோல் வெந்துவிடும். நீரின் வெப்பநிலை 50 முதல் 53 பாகை செல்சியசாயின் இரண்டு, மூன்று நிமிடங்கள் அமிழ்த்தலாம். 58 முதல் 60 பாகையாயின் ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும். இதற்குமேல் வெப்பம் ஏறலாகாது. கையாற் களைவோர், இறகுகளைச் சிறிது சிறிதாக, அவை முளைத்துள்ள திசையிலேயே இழுத்தல் வேண்டும்.

காரணத்தை அறிதல்

கிழிந்த இடத்தைச் சுற்றி இரத்தம் கன்றியோ, பழைய கீறலின் பொருக்குக் காணப்பட்டோ இருப்பின், அத்தீங்கு கோழி உயிருடன் இருந்தபோது ஏற்பட்டதாகும். கொட்டிலையும் கோழி பிடிக்கும் முறையையும் திருத்துக. கன்றலின்றித் தோல் கிழிந்திருப்பின், அது கொன்றபின் நேர்ந்தது; முதலில் நீரின் வெப்பநிலையை அளந்து பார்க்க. வெப்பநிலை சரியாக இருந்தும் பல கோழிகள் கிழியுமாயின், தோலே நலிந்துள்ளது எனக் கொண்டு, தீனையும் கொட்டிலின் வெப்பத்தையும் ஆராய்க. ஒவ்வொரு தொகுதியிலும் கிழிந்தவற்றை எண்ணிக் குறித்து வைக்கும் பண்ணையாளர், நட்டம் எங்கே தொடங்குகின்றது என்பதைத் தாமே கண்டுகொள்வர்.