சுங்கச் சாவடிகள் திறந்த இரவு

ஜெர்மனி ஒன்றுபட்ட வரலாற்றைப் படிக்கும்போது நம் மனக்கண் முன் முதலில் வந்து நிற்பவர் பிஸ்மார்க். கூர்முனைத் தொப்பியும் அடர்ந்த மீசையுமாக அவர் படம் நம்மைச் சற்று மிரட்டவும் செய்கிறது. ஆனால் அவர் பிரஷ்யாவின் பிரதமராவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே வணிகர்களும் சுங்க அதிகாரிகளும் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். படைத்தளபதிகளுக்குக் கிடைத்த புகழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அவர்களைப் பற்றிச் சிறிது காண்போம்.

1815-இல் வியன்னா மாநாடு முடிந்தபோது ஜெர்மன் மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ 39 அரசுகளில் சிதறிக் கிடந்தனர். ஒவ்வோர் அரசுக்கும் தனிச் சுங்கம். நாணயம், எடை, அளவு ஆகியவையும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. ஹாம்பர்க்கிலிருந்து ஆஸ்திரியாவுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர் பத்து அரசுகளைக் கடந்து, பத்து முறை வரி செலுத்த வேண்டும் என்று 1819-இல் பிரெடரிக் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் முறையிட்டார். இப்படி வரி கட்டிக்கொண்டே போனால் அந்தச் சரக்கு என்ன விலைக்கு விற்கும்! லிஸ்டின் பேச்சு ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பின்னர் அவர் சிறையிலடைக்கப்பட்டு, 1825-இல் அமெரிக்காவுக்குச் செல்ல நேர்ந்தது.

பிரஷ்யாவுக்கோ வேறொரு தொல்லை. அதன் நிலப்பகுதி இரு துண்டுகளாக இருந்தது. ரைன் நதிக்கரை மாகாணங்கள் மேற்கே, பெர்லின் கிழக்கே, நடுவில் பிறர் நாடுகள். தன் வீட்டு முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக அண்டை வீட்டாரிடம் அனுமதி கேட்பது போன்ற நிலை! 1818-இல் தன் நாட்டுக்குள் இருந்த சுங்கத் தடைகளை நீக்கிய பிரஷ்யா, பிறகு அண்டை அரசுகளையும் ஒவ்வொன்றாகத் தன் சுங்க ஏற்பாட்டிற்குள் இழுத்தது. ஒற்றுமையின் மீதுள்ள ஆசையால் அது இதைச் செய்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. வசதியும் வருமானமுமே முதற்காரணங்கள்.

1834 ஜனவரி முதல் நாள் 'ஸோல்வெரைன்' என்னும் சுங்கச் சங்கம் நடைமுறைக்கு வந்தது. அதில் 18 அரசுகளும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்களும் இருந்தனர். புத்தாண்டு நள்ளிரவில் சாவடிகளின் முன்பு சரக்கு வண்டிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தன என்றும், தடைக் கம்புகள் உயர்ந்ததும் மக்கள் ஆரவாரத்துடன் எல்லையைக் கடந்தனர் என்றும் வரலாற்றாசிரியர்கள் வருணிக்கிறார்கள். ஆயினும் எல்லாப் பொருளும் தாராளமாகப் போய்விடவில்லை. உப்பும் சீட்டுக்கட்டும் பல இடங்களில் அரசின் தனியுரிமையாக இருந்தபடியால் அவற்றுக்கு மட்டும் விலக்கு!

சங்கத்துக்குக் கிடைத்த சுங்கப் பணம் மக்கள் தொகைக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. சிறிய அரசர்கள் பிரஷ்யாவைக் கண்டு அஞ்சினார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் வந்து சேரும் பணத்தை விட மனமில்லை. இருப்புப் பாதைகளும் பெருகின. ரூர் பகுதியின் நிலக்கரி எளிதாகத் தொலைதூரம் சென்றது.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஆஸ்திரியா இந்தச் சங்கத்தில் சேரவேயில்லை. பிற்காலத்தில் சேர முயன்றபோது பிரஷ்யா இடம் கொடுக்கவில்லை. வியன்னாவில் பேசப்பட்டதும் ஜெர்மன் மொழியே. எனினும் 1871-இல் ஜெர்மன் பேரரசு தோன்றியபோது ஆஸ்திரியா வெளியேதான் நின்றது. மொழி வரையாத கோட்டைச் சுங்கம் முன்பே வரைந்துவிட்டது.

அப்படியானால் வணிகம் சேர்ந்தால் மனமும் சேர்ந்துவிடுமா? 1866-ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதியபோது, சங்கத்தின் உறுப்பினர்களான பவேரியா, சாக்ஸனி, ஹானோவர், வூர்ட்டம்பர்க் ஆகியவை ஆஸ்திரியாவின் பக்கம் நின்று பிரஷ்யாவுடன் போரிட்டன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போரின்போதும் சுங்கப் பணம் வழக்கம்போல் வசூலாகிக்கொண்டிருந்தது! கணக்கர்கள் கணக்கெழுதினார்கள், வீரர்கள் மடிந்தார்கள். போரில் தோற்ற ஹானோவரைப் பிரஷ்யா அப்படியே விழுங்கிவிட்டது. லக்ஸம்பர்க்கின் கதை வேறு. 1842-இல் சங்கத்தில் சேர்ந்து, முதல் உலகப் போர் முடியும்வரை அதில் இருந்தும், அந்தச் சிறு நாடு ஜெர்மனியின் பகுதியாகவில்லை.

1871-இல் பிரான்சிடமிருந்து அல்ஸாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனி பறித்துக்கொண்டது. 1919-இல் அவை பிரான்சுக்குத் திரும்பின. லொரேன் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் ஷூமான் இவ்வாறு முதலில் ஜெர்மன் குடிமகனாகவும், பின்னர் பிரெஞ்சுக் குடிமகனாகவும் வாழ்ந்தார். அவர் வீடு மாறவில்லை என்றாலும் எல்லை மாறிவிட்டது என்றே சொல்லலாம். பிரான்சின் வெளியுறவு அமைச்சரான அவரே 1950 மே 9 அன்று, இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின்கீழ் வைப்போம் என்று அறிவித்தார். பீரங்கி செய்யத் தேவையான பொருள்கள் இவ்விரண்டும் அல்லவா? ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்குத் தயாராக முடியாதபடி செய்வதே அவருடைய எண்ணம். பிரஷ்யா வருமானத்தை நாடித் தொடங்கியதை, ஷூமான் சமாதானத்தை நாடித் தொடங்கினார்.

1951-இல் ஆறு நாடுகள் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதன் உயர் ஆணையம் வேலையைத் தொடங்கியது. அதன் அலுவலகம் பாரிஸிலும் அமையவில்லை, ஜெர்மனியிலும் அமையவில்லை. லக்ஸம்பர்க் நகரில் அமைந்தது.