பெண்களின் காணியும் தலைவர்களின் பொறுப்பும்

1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத பேர்மிற் காணியில் பிள்ளைகளுள் ஆணுக்கே முதலிடம் கொடுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேற்றுமையை நீக்கியது. எனினும், "காணி பொடியனுக்குத்தான்" என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டால், மகள் பிரதேச செயலகப் படி ஏறமாட்டாள். ஆகவே தலைவர்களுக்கே முதலில் பயிற்சி வேண்டும்.

பேர்மிற்றை வாசித்து, அதில் யார் பெயர் உண்டென வீட்டாருக்கு விளக்க அவர்கள் பழகவேண்டும். மனைவியைப் பின்னுரித்தாளராக நியமிப்பதாயின், கணவன் உயிரோடிருக்கும்போதே அந்நியமனம் பதிவாகவேண்டும். இல்லையேல் அது செல்லாது. இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால், பிரதேச செயலகக் காணிப் பேரேட்டைப் பார்க்கும்படி கேட்கலாம். விதவையைத் தனியே அனுப்பாது, மாதர் சங்கத்தார் ஒருவர் கூடச் செல்வது நன்று.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது பேர்மிற்றையும் கையோடு கொண்டு வாருங்கள்.