ஒரு வேன் ஆட்கள், ஓர் ஏக்கர் சாமை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்களும், எங்காவது ரெண்டு ஏக்கர் வாங்கி நஞ்சில்லாமல் விளைவிக்கணும்னு நினைக்கிறவர்களும் பெருகி வருகிறார்கள். நல்ல செய்தி. இவர்கள் குழுவாகப் பண்ணைகளைப் பார்க்கக் கிளம்புவதும் வழக்கமாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்கே போய், மாட்டுத் தொழுவமும் பாலாடைக்கட்டியும் பார்த்துத் திரும்புகிறார்கள். போகட்டும், தப்பில்லை. ஆனால் ஒரே இரவுப் பயணத்தில் நமக்கும் மலைக் கிராமங்கள் இருக்கின்றன. நாம் போவதால் அங்கே ஒரு பயிர் பிழைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத்தான் சொல்கிறோம். கிழக்குத் தொடர்ச்சி மலையில் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம் இது. அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மேலே போய்ச் சேரலாம். ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றுதான் அங்கே சொல்வார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவது தமிழ்தான். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்களிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. அண்ணன் தம்பிகள் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, மலைக்கு ஒருவராகக் குடியேறினார்களாம். 2019 வரை தாம்பரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது! கதைப்படி பார்த்தால் நாம் போவது பங்காளி வீட்டுக்கு.

பங்காளி வீட்டில் என்ன விளைகிறது? பள்ளத்தில் நெல். சரிவில் சாமை, தினை, கேழ்வரகு, ஊடே கடுகு, ஆமணக்கு, அவரை. காட்டோரத்தில் பலா, வாழை, காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு. சாமை என்று நாம் ஒரே பெயரில் வாங்குவதில் அவர்களிடம் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக உண்டு. வயது வேறு, வைக்கோல் உயரம் வேறு, ருசி வேறு. எந்த மண்ணுக்கு எந்தச் சாமை என்பது அங்குள்ள பாட்டிமாருக்குத் தெரியும். எந்த வேளாண் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த விவரம் முழுசாகக் கிடைக்காது.

இந்தப் பயிர்கள் இருந்த நிலத்தை மரவள்ளிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. சேலம், ஆத்தூர், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சுமார் 10 மாதத்தில் மொத்தமாகக் கையில் பணம். வியாபாரி முன்பணமும் தருவார். சாமையில் அந்த வசதி கிடையாது. அறுத்து, அடித்து, உரலில் குத்தி உமி நீக்கவேண்டும். அந்தப் பாடு முழுக்கப் பெண்கள் தலையில்தான். இதற்கு நடுவே ரேஷன் கடையில் 2011 முதல் விலையில்லா அரிசியும் வந்தது. பசி தீர்ந்தது என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் வீட்டில் பொங்கத் தேவையில்லை, வெளியில் வாங்க ஆளில்லை என்றானபின் எந்த உழவர் சாமை விதைப்பார்? சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு மழையோடு இறங்குகிறது. இப்படி விதையும் போகுது, மண்ணும் போகுது.

சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை எல்லோரும். நம் தென்சென்னைத் தரமணியில் 1988இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து கொல்லிமலை மக்களோடு சேர்ந்து இதற்காக வேலை செய்திருக்கிறது. ஊர் விதை வங்கிகள், உமி நீக்கும் சிறு இயந்திரங்கள், சிறுதானியத்தை மாவாக்கி விற்கும் மகளிர் குழுக்கள் என்று பல முயற்சிகள். இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று. விதையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. அரைக்க இயந்திரமும் வாங்க ஆளும் இருந்தால்தான் அந்த விதை நிலத்துக்குப் போகும்.

ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இந்த இடத்தில் நமக்கு உதவுவார்கள். இத்தாலியில் 1985இலேயே பண்ணைச் சுற்றுலாவுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. விருந்தினரைத் தங்கவைக்கலாம், சமைத்துப் போடலாம். ஆனால் உழவுதான் முதன்மை, விருந்தோம்பல் அதன் துணைத்தொழில் என்பது அதன் அடிப்படை. பயிர் செய்யாமல் அறை மட்டும் கட்டி வாடகைக்கு விட்டால் அதற்குப் பண்ணைச் சுற்றுலா என்று பெயர் வைக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் கோடைக்கு மேய்ச்சல் மலைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களுக்கு அரசே பணம் தருகிறது. மேய்ச்சல் நின்றால் அந்தப் புல்வெளியே இல்லாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். வட இத்தாலியின் மால்ஸ் என்ற மலையூரில் 2014இல் பூச்சிக்கொல்லிக்கு எதிராக ஊரே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். பின்னாளில் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது, அது வேறு. ஆனாலும் மலையில் என்ன நடக்கணும்னு மலைக்காரர்களே உட்கார்ந்து பேசினார்கள் பாருங்க, அதுதான் பெரிசு.

நம் பக்கம் என்ன ஆகும்? மலையில் வெளியாள் இடம் வாங்கி ரிசார்ட் கட்டுவார், நிலத்துக்காரர் அங்கேயே வாட்ச்மேன் ஆவார். இப்படி நடக்காமல் இருக்கணும்னா, குழுவாகப் போகிற நாம் முதலிலேயே சில முடிவுகள் எடுக்கவேண்டும்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரராகவே இருக்கட்டும். ஒரு நாள் அவர் காட்டு வேலையை விட்டு நம்மோடு வருகிறார். அந்த நாளுக்கான கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுங்கள். சாப்பாட்டை மகளிர் குழுவிடம் சொல்லுங்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, அவரைக் குழம்பு போதும். அங்கே போய்ப் பரோட்டா கேட்காதீர்கள். இருபது பேருக்கு ஒரு வேன் போதும்.

பருவம் பார்த்துப் போங்கள். மழைக்கு விதைத்த சாமையும் தினையும் கதிர்பிடித்து அறுப்புக்கு வரும் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடிப்பெருக்கு நாள்களில் மலை முழுக்கக் கூட்டம். நிதானமாகப் பேச அப்போது யாருக்கும் நேரம் இருக்காது.

போனவுடன் "அக்கா, ஒரு பிடி விதை கொடுங்க" என்று ஆளாளுக்குக் கேட்காதீர்கள். அது அடுத்த ஆண்டு விதைப்புக்கு அவர் எடுத்துவைத்தது. ஆயிரம் மீட்டர் உயரத்து ரகம் தாம்பரம் வெயிலில் அப்படியே விளையும் என்பதற்கும் உறுதி இல்லை. விதைக்குப் பதில் விளைச்சலைக் கேளுங்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. இருபது பேர் கொண்ட குழு. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு கிலோ சாமை அரிசி. ஆண்டுக்கு 240 கிலோ. உமி நீக்கினால் நூற்றுக்கு அறுபது அரிசி தேறும் என்று வைத்தால், 400 கிலோ தானியம் வேண்டும். மானாவாரிச் சரிவில் ஏக்கருக்கு 400 கிலோ விளைந்தால் ஓர் ஏக்கர், குறைந்தால் இன்னும் கூடுதல் நிலம். ஆக, ஒரு வேன் ஆட்கள் சொன்ன சொல் காப்பாற்றினால் ஓர் ஏக்கர் சாமை நிலத்தில் நிற்கும். அறுத்த பிறகு விலை பேசினால் பயனில்லை. விதைப்புக்கு முன்பே, கிழங்கு வியாபாரி தருவதுபோல நாமும் முன்பணம் தரவேண்டும். மழை பொய்த்தால் அந்த நட்டத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஏரியும் வயலும் மனையாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் தாம்பரத்துக்காரர்கள். வாங்க ஆளில்லாத பயிர் நிலத்தில் நிற்காது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொல்லிமலையில் இன்னும் விதை இருக்கிறது, விதைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே பயணத் தேதி குறிப்பதற்கு முன், உங்கள் குழுவில் எத்தனை வீட்டில் மாதம் ஒரு கிலோ சாமை பொங்குவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு மலையேறுங்கள்.