பழைய சிறு கார் வாங்குமுன்

லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் பிற பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஒரு சிறு கார் வேண்டுமென்ற எண்ணம் எழுவது இயல்பே. புதியதற்குப் பொருள் போதாதபோது பழையதை நாடுகிறோம். அவற்றுள் ஹூண்டாய் சாண்ட்ரோவின்மீது நம்மவர்க்குத் தனிப் பற்றுண்டு. நம் இருங்காட்டுக்கோட்டையில் உருவான வண்டியன்றோ! 1998-ல் வெளிவந்த அம்முதல் சாண்ட்ரோவின் உற்பத்தி 2014-ல் நின்றது.

பற்று வேறு, மதிப்பீடு வேறு. சேமித்த பணத்தைக் கொடுக்குமுன் முதலில் எண்ண வேண்டியது வண்டியின் வயதையே. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். 2013-ல் பதிவான வண்டிக்கு 2028-ல் கெடு முடியும். பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால்தான் ஐந்தாண்டு நீட்டிப்பு. அதற்கான கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எஞ்சிய ஆண்டுகளைக் கொண்டே விலை பேசுதல் அறிவுடைமை.

அடுத்தது நீர். 2025 செப்டம்பர் 23 காலையோடு முடிந்த ஒரே நாளில் கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் நின்ற கார்கள் பல மூழ்கின. நீரில் நின்ற வண்டியை மேற்பூச்சு காட்டிக்கொடாது. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். உள்நுனியில் சேற்றுக் கறை தெரியலாம். கால் விரிப்பைத் தூக்கித் துருவைத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் காணுங்கள்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வருமாயின் ஆயில் எரிகிறதென்று கொள்ளலாம். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். கிலோமீட்டர் எண்ணைவிடச் சர்வீஸ் ரசீதுகளே நம்பத்தக்கவை. நமக்கு வேண்டிய மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் செல்வது நன்று. விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டா.

சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா, கடன் நிலுவை உண்டா எனப் பார்த்து, 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பம் பெற்றுப் பெயர் மாற்றத்தை உடனே முடித்துவிட வேண்டும்.

ஊர் திரும்பும் எண்ணமுள்ளோர் இன்னொன்றையும் கருதுக. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப் பதிவெண் பெறவேண்டும். தமிழ்நாட்டில் வரியும் கட்டவேண்டும். சில ஆண்டுகளே ஆயுள் எஞ்சிய காருக்கு அச்செலவு தகுமா? தகாதெனில் இங்கேயே விற்றுச் செல்லும் நோக்கோடு வாங்குவதே குடும்பத்துக்கு நலம்.